கல்வெட்டுல யார் பேரு முதல்ல?

வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாம் எடுத்துப் பாத்தா பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். நம்ம கிறிஸ்தவ சபையில பிரச்சனை, கமிட்டியில பிரச்சனை, சங்கத்துல பிரச்சனை. கேட்டவங்க பேரையும் ஊரையும் எடுத்துட்டேன், மதுரை சுத்துவட்டாரத்துல ஒரு வரி எழுதினாலே எந்தச் சபைன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. முதல் கேள்விக்கு மட்டும் பதில் நீளமாப் போயிடுச்சு, அதைச் சுருக்க எனக்கு மனசு வரல.

கேள்வி: வாத்தியாரய்யா, எங்க ஊரு திருமங்கலம் பக்கம். கோயிலுக்குப் பின்னாடி புதுசா ஒரு ஹால் கட்டினோம், திறப்பு விழா கல்வெட்டுல யார் பேரு முதல்ல வரணும்னு கிழக்குத் தெருக்காரங்களுக்கும் மேற்குத் தெருக்காரங்களுக்கும் பேச்சு வந்து, அது பெருசாகி, இந்த வருஷ அசனத்துக்கு, அதான் சபையார் எல்லாரும் ஒண்ணா சமைச்சு சாப்பிடுற விருந்துக்கு, ரெண்டு இடத்துல அடுப்பு போட்டாங்க. ஒரே கோயில், ஒரே ஐயர் (போதகர்), ரெண்டு சாப்பாடு. கிழக்குத் தெரு பக்கம் முன்னால நிக்கிறது எங்கப்பா. எனக்கு 26 வயசு, நான் என்ன பண்ண முடியும்?

பதில்: தம்பி, உங்க லெட்டரை நாலு தடவ படிச்சேன். ரெண்டு அடுப்புன்னு படிச்ச இடத்துல எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அசனம்னா என்னன்னு பாத்து வளந்தவன் நான். மொத நா ராத்திரியே பொம்பளைங்க எல்லாம் வட்டமா உக்காந்து வெங்காயம் உரிப்பாங்க, ஆம்பளைங்க தேக்சாவை இறக்கி வச்சு கல்லு கூட்டுவாங்க, காலையில ஆராதனை முடியுறதுக்குள்ள சோத்தை வடிச்சு பாயில வெள்ளை வேட்டி விரிச்சு மலை மாதிரி கொட்டி வச்சிருப்பாங்க, ஆவி பறக்கும். அந்தச் சோத்துல யார் வீட்டு அரிசி எதுன்னு பிரிக்க முடியுமா? பணக்காரர் வீட்டு மூட்டையும் விதவைத்தாய் கொண்டாந்த ஒரு படியும் ஒண்ணாத்தானே வெந்துச்சு. அதுக்காகத்தான் அதை அசனம்னு வச்சிருக்கோம்.

எங்க ஊர்ல அப்ப ஐயருக்கு உதவியா ஒரு உபதேசியார் இருந்தாரு. அசனத்தன்னிக்கு அவரு பந்தியில உக்காந்து நான் பாத்ததே இல்ல. கடைசி ஆளு கை கழுவுற வரைக்கும் வாளியும் கையுமா நிப்பாரு, எல்லாம் முடிஞ்சப்புறம் தேக்சாவுக்கு அடியில ஒட்டியிருக்கிற காந்தலை கரண்டியால சுரண்டி ஒரு தட்டுல போட்டு மேல ரசத்தை ஊத்திக்கிட்டு, அடுப்பு பக்கத்துலயே குத்த வச்சு சாப்பிடுவாரு. சின்னப் பையனா இருந்த நான், ஏன் ஐயா தீஞ்ச சோறு திங்குறீங்கன்னு கேட்டேன். இதுதாண்டா ருசின்னாரு. ரொம்ப வருஷம் அதை நம்பிக்கிட்டே இருந்தேன். அந்த ஊர்ல எந்தக் கல்லுலயும் அவர் பேரு கிடையாது. ஆனா அவரு இருந்த வரைக்கும் எங்க சபையில ரெண்டாவது அடுப்பு எரியல.

இப்ப நீங்க எழுதாம விட்ட ஒரு விஷயத்துக்கு வர்றேன். கிழக்குத் தெரு மேற்குத் தெருன்னு எழுதியிருக்கீங்க. நம்ம ஊர்ப்பக்கம் தெருன்னா பல நேரம் ஜாதின்னு அர்த்தம். உங்க ஊர்லயும் அப்படித்தான்னா அதை மூடி வச்சுப் பேசி பிரயோஜனம் இல்ல. வேதத்துல இதே மாதிரி ஒரு சாப்பாட்டுப் பிரச்சனை இருக்கு, கலாத்தியர் 2ஆம் அதிகாரம். அந்தியோகியாவுல பேதுரு புறஜாதியாரோட, அதாவது யூதர் அல்லாதவங்களோட, உக்காந்து நல்லாத்தான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு, எருசலேம்ல இருந்து சில பேரு வந்ததும் அவங்க என்ன நினைப்பாங்களோன்னு பயந்து பந்தியில இருந்து விலகிட்டாரு, அவரைப் பாத்து மத்த யூதர்களும் விலக, கடைசியில பர்னபாவும் விலகிட்டாரு. யோசிச்சுப் பாருங்க, பர்னபா எவ்வளவு நல்ல மனுஷன், அவரே இழுபட்டுப் போனாருன்னா தலைவர் ஒருத்தர் பந்தியை விட்டு எழுந்திரிச்சா சபை பூராவும் எழுந்திரிச்சிடும். பவுல் பேதுருவை முகத்துக்கு நேராவே எதிர்த்தாரு. தனியா சாப்பிடுறது அவங்கவங்க இஷ்டம்னு அவரு விடல, அது சுவிசேஷத்தையே மாத்திப்போடுற காரியம்னு பாத்தாரு.

பேரு முதல்லயா ரெண்டாவதாங்கிற சண்டையும் புதுசு இல்ல. ஆண்டவர் சீஷர்களோட கடைசியா சாப்பிட்ட அந்தப் பந்தியிலேயே, தங்களில் யார் பெரியவன்னு அவங்க வாக்குவாதம் பண்ணினாங்கன்னு லூக்கா 22ல இருக்கு. மறுநாள் சிலுவை. அந்த ராத்திரியில அவங்க கவலை இது. அதே ராத்திரிதான் ஆண்டவர் எழுந்து சீலையை இடுப்புல கட்டிக்கிட்டு பாத்திரத்துல தண்ணிய ஊத்தி சீஷர்கள் காலைக் கழுவினாரு. யோவான் அதை எழுதுறப்ப எல்லா விவரமும் கொடுக்குறாரு, வஸ்திரத்தைக் கழற்றி வச்சதையும் சீலையால துடைச்சதையும். நேர்ல பாத்தவனுக்கு அது மறக்கல போல. யூதாஸ் காலும் அதுல கழுவப்பட்ட காலுதான்.

நம்ம மதுரைக்கே உரிய ஒண்ணு சொல்றேன். 1834ல அமெரிக்க மிஷன்காரங்க யாழ்ப்பாணத்துல இருந்து மதுரைக்கு வந்தாங்க, அவங்க கட்டின சபைகள்ல பிஷப்புங்கிற பதவியே கிடையாது, ஒவ்வொரு சபையும் தானே முடிவெடுக்கிற முறை. இன்னொரு பக்கம் ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்த சபைக்காரங்களுக்கு பிஷப் இல்லாம சபையே இல்ல. மெதடிஸ்ட் தனி. இவங்க எல்லாரையும் ஒண்ணாக்கணும்னு 1919ல தரங்கம்பாடியில உக்காந்து பேசினாங்க, பேசினவங்க பெரும்பாலும் நம்ம இந்திய ஊழியர்கள்தான், இந்தப் பிரிவினை நாம உண்டாக்கினது இல்ல, வெளியில இருந்து நம்ம மேல வந்ததுன்னு பகிரங்கமாச் சொன்னாங்க. அதுல முன்னால நின்னவரு அசரியா பிஷப். திருச்செந்தூர் பக்கம் வெள்ளாளன்விளையில பிறந்தவரு, 1912ல ஆங்கிலிக்கன் சபையில பிஷப் ஆன முதல் இந்தியர், சொந்த ஊரை விட்டுட்டு தோர்ணக்கல்லுக்குப் போய் தெலுங்கு கத்துக்கிட்டு அந்த ஏழை ஜனங்களோட இருந்தாரு. அந்த ஐக்கியத்துக்காக அவரு எத்தனை வருஷம் பாடுபட்டாரு தெரியுமா, ஆனா பாக்கக் குடுத்து வைக்கல. 1945 ஜனவரி 1ஆம் தேதி காலமாயிட்டாரு. இவங்க ஒண்ணாகி தென்னிந்திய திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27.

28 வருஷம் ஏன் ஆச்சுன்னா, ஒவ்வொருத்தரும் எதையாவது விடணும். பிஷப் வேணாம்னவங்க பிஷப்பை ஏத்துக்கணும், எங்க பிஷப் கை வச்சு அபிஷேகம் பண்ணாத ஊழியரை ஒத்துக்க மாட்டோம்னவங்க மத்த சபை ஊழியர்களை அப்படியே ஏத்துக்கணும். அதுலயும் எல்லாரும் வந்துடல, நந்தியால் பக்கத்து ஆங்கிலிக்கன் சபைங்க வெளியிலயே நின்னுச்சு. இருந்தாலும் வந்தவங்க தங்க பழைய பேரை விட்டுட்டுத்தான் வந்தாங்க. மதுரை இராமநாதபுரத்துக்கு முதல் பிஷப்பா வந்த லெஸ்லி நியூபிகினும் பிஷப்பே இல்லாத பிரெஸ்பிட்டேரியன் சபையில இருந்து வந்தவருதான், அப்ப அவருக்கு 37 வயசு. பிஷப்னா என்னன்னு தெரியாத ஜனங்க, பிஷப்பா இருந்து பழகாத ஒரு மனுஷன், ரெண்டு பேரும் சேர்ந்து கத்துக்கிட்டாங்க. அவரைப் பத்தி எனக்கு ரொம்பப் பிடிச்சது பின்னால நடந்தது. 1974ல மெட்ராஸ் பிஷப் பதவியில இருந்து ஓய்வு வாங்கினப்ப அவரும் மனைவியும் ரெண்டு சூட்கேஸும் ஒரு முதுகுப் பையுமா பஸ் மாறி பஸ் மாறி தரை வழியாவே இங்கிலாந்துக்குப் போனாங்க. அங்க போயும், எழுபது வயசுக்கு மேல, பர்மிங்காம்ல ஜெயிலுக்குப் பக்கத்துல இருந்த ஒரு சின்ன சபையை, மூடிடலாம்னு மத்தவங்க பேசிக்கிட்டு இருந்த சபையை, நான் பாத்துக்கிறேன்னு எடுத்துக்கிட்டாரு. பிஷப்பா இருந்தவரு வீடு வீடா கதவைத் தட்டிக்கிட்டுப் போனாரு.

இப்ப உங்கப்பா விஷயம். அவருகிட்ட வசனம் சொல்லாதீங்க, அவருக்குத் தெரியாத வசனம் இல்ல, பிள்ளை வாயில இருந்து வந்தா குத்துற மாதிரிதான் இருக்கும். பழைய கோயில் கட்டினப்ப உங்க தாத்தா கல்லு சுமந்தாரான்னு கேளுங்க. யார் யாரெல்லாம் சுமந்தாங்கன்னு கேளுங்க. அவரு சொல்லச் சொல்ல மேற்குத் தெரு ஆளுங்க பேரும் வரும், வராம இருக்காது. அதைக் கேட்டுக்கிட்டு அன்னிக்கு அதோட விட்டுடுங்க. இன்னொரு நாள், கல்வெட்டுல தேதியும் ஒரு வசனமும் "சபையார்"ங்கிற வார்த்தையும் மட்டும் இருந்தா என்னப்பான்னு கேளுங்க. கோபப்படுவாரு. பட்டுட்டுப் போகட்டும், ராத்திரி படுத்தா யோசிப்பாரு.

அடுத்த அசனத்துக்கு நீங்க ஒரு காரியம் பண்ணுங்க. உங்க பங்கு அரிசியை ஒரு பையில எடுத்துக்கிட்டு மேற்குத் தெரு அடுப்புக்குப் போங்க. கூட யாரையும் கூப்பிடாதீங்க, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீங்க. அரிசியைக் கொடுத்துட்டு வெங்காயம் உரிக்கிற இடத்துல உக்காந்துக்கங்க. ரெண்டு பக்கமும் ஏச்சு விழும், உங்க தெருக்காரங்க துரோகின்னே சொல்லலாம், அதை நான் மறைக்கல. மறு வருஷம் உங்களோட இன்னொருத்தன் வருவான்.

கேள்வி: நான் மேலூர்ல பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலர். எங்க சங்கத்துல ரெண்டு அக்காமாரு, ரெண்டு பேருமே நல்லா ஜெபிக்கிறவங்க, நல்லா உழைக்கிறவங்க, ஆனா ஒருத்தர் வந்தா ஒருத்தர் வரமாட்டாங்க. யார் பக்கம் பேசினாலும் தப்பாயிடுது. என்ன செய்ய, ஐயா?

பதில்: அம்மா, இதே மாதிரி ரெண்டு பேரு பிலிப்பியர் 4ல இருக்காங்க, எயோதியாள், சிந்திகேயாள். "எயோதியாளுக்கும் புத்திசொல்லுகிறேன், சிந்திகேயாளுக்கும் புத்திசொல்லுகிறேன்"னு பவுல் எழுதுறாரு. புத்தி சொல்லுகிறேன்ங்கிற வார்த்தையை ரெண்டு தடவ எழுதியிருக்காரு பாருங்க, ஒரு தடவ எழுதி ரெண்டு பேரையும் சேத்திருக்கலாம்ல. ஒருத்தருக்குச் சொன்னது இன்னொருத்தருக்குச் சொன்னதுல பாதின்னு யாரும் நினைச்சிடக் கூடாதுன்னு அவ்வளவு கவனம். சண்டை எதுக்குன்னு ஒரு வார்த்தை கூட எழுதல. அதுக்குப் பதிலா, இவங்க சுவிசேஷத்துக்காக என்னோட கூடப் பாடுபட்டவங்க, இவங்களுக்கு உதவியா இருன்னு மூணாவது ஒரு ஆளைக் கேட்டுக்கிறாரு. அந்த மூணாவது ஆளு இப்ப நீங்கதான்.

எனக்கும் ஒரு காலத்துல எங்க சபையில ஒருத்தரோட பேச்சு இல்ல. ரெண்டு வருஷம். திருவிருந்துக்குப் போறப்ப அவரு வலது பக்கம் முழங்கால்படியிட்டா நான் இடது பக்கம் போவேன். காரணம் ஒரு கமிட்டி மினிட்ஸ் புஸ்தகத்துல எழுதின ஒரு வரி. அதை முடிச்சு வச்சது ஒரு ஐயரம்மா. அவங்க எங்க ரெண்டு பேருகிட்டயும் நியாயமே கேக்கல, அவரு பொண்ணு கல்யாணத்துக்கு மூணு நாளு முந்தி என் வீட்டுக்கு வந்து, நாற்காலி ஏத்த ஆளு பத்தல, நீங்க வண்டியோட வரணும்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாங்க. போனேன். இறக்குறப்ப நாற்காலிக்கு அந்தப் பக்கம் பிடிச்சது அவருதான். உங்க அக்காமாரை உக்கார வச்சு பஞ்சாயத்து பேசாதீங்கம்மா. சேர்ந்து செஞ்சாத்தான் முடியும்ங்கிற ஒரு வேலையைக் குடுங்க, ஆஸ்பத்திரியில இருக்கிற யாருக்காவது மாத்தி மாத்திச் சோறு கொண்டு போறது மாதிரி. அவங்க பேசுறாங்களான்னு பக்கத்துல நின்னு பாக்காதீங்க.

கேள்வி: நான் ஒரு சேகரத்துல (ஒரே ஐயருக்குக் கீழ உள்ள சபைகள்) பொருளாளரா இருக்கேன். தாழ்மையா இருன்னு சொல்றீங்க. தாழ்மையா இருந்தா ஏமாளின்னு நினைக்கிறாய்ங்க, கணக்கு கேட்டா அன்பு இல்லாதவன்னு சொல்றாய்ங்க. தலைமைன்னா கண்டிப்பு வேணாமா?

பதில்: வேணும். நெகேமியா 5ஆம் அதிகாரத்தைப் படிங்க. நெகேமியா தலைமையில எருசலேம் அலங்கத்து (மதில்) வேலை நடந்துக்கிட்டு இருக்கிறப்ப ஏழை ஜனங்க கூக்குரலிட்டு வர்றாங்க, நிலத்தை அடமானம் வச்சாச்சு, பிள்ளைகளையும் அடிமையாக் குடுக்க வேண்டியிருக்குன்னு. கடன் குடுத்தவன் வேற யாரும் இல்ல, சொந்த ஜனத்துப் பெரியவங்கதான், நூத்துக்கு ஒண்ணு வட்டி. வட்டியோட கொடுமை நம்ம ஜில்லாவுல இருக்கிறவங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. நெகேமியாவுக்குக் கோபம் வந்துச்சுன்னு வேதமே சொல்லுது, பெரிய சபையைக் கூட்டி எல்லாருக்கும் முன்னால கேட்டாரு. ஆனா கேக்குறப்ப, நானும் என் சகோதரரும் கூட அவங்களுக்குக் கடன் குடுத்திருக்கோம், நாம எல்லாரும் இந்த வட்டியை விட்டுடுவோம்னாரு. தன்னையும் சேத்துக்கிட்டாரு. அவங்களும் திருப்பிக் குடுத்துடுறோம்னு ஒத்துக்கிட்டாங்க.

அதோட, 12 வருஷம் அதிபதியா இருந்தும் அதிபதிக்குச் சேர வேண்டிய படியை அவரு வாங்கிக்கல. தினமும் 150 பேரு அவரு பந்தியில சாப்பிட்டாங்க, ஒரு நாளைக்கு ஒரு மாடு, ஆறு நல்ல ஆடு, அத்தனை செலவு இருந்தும், ஜனங்க பட்ட பாடு ஏற்கனவே பாரமா இருந்ததால கேக்கலன்னு எழுதி வச்சிருக்காரு. ஐயா, உங்ககிட்ட நான் கேக்குறது இதுதான். உங்க சொந்த போக்குவரத்துச் செலவு வவுச்சரை முதல்ல எல்லாரும் பாக்குற மாதிரி நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. அப்புறமா மத்தவங்க கணக்கைக் கேளுங்க, சத்தமாவே கேளுங்க. பவுல் கூட எருசலேம் ஏழைங்களுக்குச் சேத்த காணிக்கைப் பணத்தைத் தனியாக் கொண்டு போகல, யாரும் குறை சொல்லக் கூடாதுன்னு சபைகள் தெரிஞ்செடுத்த ஆளையும் கூட வச்சுக்கிட்டாரு. கணக்கு கேக்குறது அன்பு இல்லாத காரியம்னு சொல்றவங்களுக்கு 2 கொரிந்தியர் 8ஐப் படிச்சுக் காட்டுங்க.

கேள்வி: எங்க கத்தோலிக்கப் பங்குல (பங்குன்னா ஊர்ச் சபை) பங்குப் பேரவைத் தேர்தல்ல தோத்துட்டேன். 11 வருஷம் உழைச்சிருக்கேன். வேற பங்குக்குப் போயிடலாமான்னு இருக்கு.

பதில்: அப்போஸ்தலர் பணி முதல் அதிகாரத்துல யூதாஸ் இடத்துக்கு ரெண்டு பேரை நிறுத்தினாங்க. சீட்டு மத்தியாவுக்கு விழுந்துச்சு. இன்னொருத்தர் பேரு யோசேப்பு, பர்சபான்னும் யுஸ்துன்னும் சொல்லுவாங்க. அவரும் யோவான்ஸ்நானகன் ஞானஸ்நானம் குடுத்த காலத்துல இருந்து ஆண்டவர் கூடவே இருந்தவருதான், இல்லேன்னா நிறுத்தியே இருக்க மாட்டாங்க. அவரு கோவிச்சுக்கிட்டுப் போனதா ஒரு வரி கூட இல்ல. போகாதீங்க சகோதரா. அடுத்த ஞாயித்துக்கிழமை எப்பவும் உக்காருற இடத்துல உக்காருங்க, செயிச்சவரைப் பாத்து என்ன உதவி வேணும்னு கேளுங்க. அந்த ஒரு கேள்வியைக் கேக்குறது தேர்தல்ல நிக்கிறதை விடக் கஷ்டம்னு எனக்கும் தெரியும்.

கேள்வி: எங்க கிராமத்துல கிறிஸ்தவங்க பத்து குடும்பம்தான். நாங்க ஒண்ணா இருக்கோம். ஊரு வேலைக்கு, கண்மாய் வேலைக்கெல்லாம் வாலிபப் பசங்களை அனுப்பணுமா, அங்க போனா வேற வேற பழக்கம் வந்துடுமேன்னு எங்க சபைப் பெரியவரான மூப்பர் தயங்குறாரு.

பதில்: அனுப்புங்க. பாபிலோனுக்குச் சிறையாப் போன ஜனங்களுக்கே எரேமியா என்ன எழுதினாரு, அந்தப் பட்டணத்தோட சமாதானத்தைத் தேடுங்க, அதுக்காக ஜெபம் பண்ணுங்க, அதோட சமாதானத்துலதான் உங்களுக்கும் சமாதானம்னு. அது அந்நிய ஊரு, இது நம்ம சொந்த ஊரு. வரத்துக்கால்வாய்ல சீமைக்கருவேல் அடைச்சுக் கிடந்தா தண்ணி பத்து குடும்பத்து வயலுக்கும் வராது, மத்தவங்க வயலுக்கும் வராது. மூப்பரையே முதல் நாளு மண்வெட்டியோட போகச் சொல்லுங்க, பசங்க பின்னாலயே வந்துடுவாங்க. ஞாயித்துக்கிழமை வேலை வச்சா மட்டும் காலையில ஆராதனை முடிச்சுட்டு வர்றோம்னு ஊர்ப் பெரியவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க. மதியச் சாப்பாட்டுக்குக் கரை மேல உக்காருறப்ப தனியா உக்காராம அவங்களோட உக்காந்து, கொண்டு போற தூக்குவாளியை நடுவுல வைக்கச் சொல்லுங்க.